சிபில் ஸ்கோர் குறைவு... குடும்பத்துக்கு ஒரு பழைய கார்... வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

திருச்சி திருவெறும்பூரில் வசிக்கிறது அந்தக் குடும்பம். கணவர், துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் சூப்பர்வைசர். மனைவி, தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். பக்கவாதம் வந்து மெதுவாகத் தேறிவரும் மாமியார். வாரத்துக்கு மூன்று நாள் தில்லைநகரில் பிசியோதெரபி. போக வர ஆட்டோவுக்கு 700 ரூபாய். மாதம் 12 முறை என்றால் 8,400 ரூபாய்.

``ஏங்க, ஆட்டோவுக்குக் கொடுக்குற காசுல ஒரு பழைய காருக்கு டியூ கட்டிடலாமே...'' என்று மனைவி கேட்டதில்தான் இந்தக் கதை தொடங்கியது.

வங்கியில் விண்ணப்பித்தார் கணவர். இரண்டே நாளில், `உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை' என்று குறுஞ்செய்தி. காரணம், சிபில் ஸ்கோர் 598. 2020 ஊரடங்கில் யூனிட் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது பர்சனல் லோனில் நான்கு தவணைகள் தள்ளிப்போயின. கிரெடிட் கார்டில் நின்ற 60,000 ரூபாயை, `35,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம்' என்று வங்கி சொன்னதால் கட்டி முடித்தார். கடன் தீர்ந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார். ரிப்போர்ட்டில் அது `செட்டில்டு' என்று பதிவாகியிருந்தது.

தமிழ்நாட்டில் இந்த நிலையில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். கார் இவர்களுக்கு ஆடம்பரம் இல்லை, தேவை. ஆனால், வங்கிக் கதவு மூடியதும் வேறு சில கதவுகள் தானாகத் திறக்கும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

`ஒரு ரூபாய் வட்டிதான் சார்!'

வங்கி கைவிரித்த மறுவாரமே, ஒரு கார் கன்சல்டிங் கடையில் 2016 மாடல் செடான் ஒன்றைக் காட்டினார்கள். விலை 4 லட்சம். கையில் இருந்தது 1 லட்சம். ``மீதி 3 லட்சத்துக்கு நாங்களே ஃபைனான்ஸ் பண்ணித் தர்றோம் சார். சிபிலெல்லாம் பார்க்க மாட்டாங்க. மாசம் ஒரு ரூபாய் வட்டிதான். மூணு வருஷம். மாசம் 11,333 கட்டினா போதும்'' என்றார் கடைக்காரர்.

ஒரு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 12 சதவிகிதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இது `ஃப்ளாட்' வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு 3 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை ஓடும். மூன்று வருடத்துக்கு வட்டி 1,08,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 4,08,000.

இதே 3 லட்சத்தை இதே 12 சதவிகிதத்தில், குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் வாங்கினால் தவணை 9,964 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 58,700 ரூபாய். வித்தியாசம் 49,000 ரூபாய்க்கு மேல். அந்த `ஒரு ரூபாய்' வட்டியை வங்கிக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் வருடத்துக்கு 21 சதவிகிதத்துக்குமேல் வருகிறது.

எனவே, கடன் தருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, `வட்டி எவ்வளவு?' என்பது அல்ல. `ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?' என்பதுதான். 2024 அக்டோபர் முதல், வங்கிகளும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்கான புதிய தவணைக் கடன்களுக்கு `முக்கியத் தகவல் அறிக்கை' ஒன்றைத் தர வேண்டும். வட்டி, பிராசசிங் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவிகிதம் ஆகிறது என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் கையெழுத்து போடக் கூடாது. அப்படி ஒரு தாளே கிடையாது என்று சொல்லும் இடத்தில் கடன் வாங்கவே கூடாது.

டியூ மட்டும் செலவல்ல

அன்றிரவு மனைவி ஒரு பழைய நோட்டில் கணக்கு எழுதினார். தவணை 11,333. பிசியோதெரபிக்குப் போய்வர மட்டும் எரிபொருள் 2,000. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் என்று மாதத்துக்குப் பிரித்தால் 2,500. மொத்தம் கிட்டத்தட்ட 16,000 ரூபாய். ஆட்டோ செலவோ 8,400தான்.

``இதுல ஒரு மாசம் உங்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனா, திரும்ப 2020தாங்க'' என்றார்.

பழைய கார் வாங்கும் பல குடும்பங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். காரின் விலையையும் தவணையையும் பார்க்கிறார்கள். வாங்கிய முதல் மாதமே பேட்டரி, டயர், பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் என்று வரிசைகட்டி நிற்கும் செலவை மறந்துவிடுகிறார்கள். கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டால், அந்தச் செலவுக்கு இன்னொரு கடன்தான் வழி. குறைந்தது 25,000 ரூபாயாவது தனியாக எடுத்துவைத்த பிறகுதான் காரின் பட்ஜெட்டையே முடிவு செய்ய வேண்டும்.

சீட்டைத் தூக்கியபோது தெரிந்த சேறு

இருந்தும் கணவருக்கு அந்த செடானை விட மனமில்லை. `ஒரு தடவை மெக்கானிக்கிட்ட காட்டிடுவோம்' என்று தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போனார். 500 ரூபாய் கூலி.

மெக்கானிக் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. ``ஏன் தம்பி, நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க?'' என்றார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் அதன் உண்மையான சத்தமும் புகையும் தெரியும். அடுத்து டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார். மேல்பாதி சுத்தம். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் நிறத்தில் ஒரு கோடு. கார்பெட்டைத் தூக்கினால், சீட் தண்டவாளத்தில் துரு. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் காய்ந்த சேறு.

காரின் பதிவு எண் சென்னையுடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை வெள்ளத்திலும் மூழ்கிய கார்கள் எத்தனையோ. அவற்றில் சில கழுவி, பாலிஷ் போட்டு, வேறு ஊர் சந்தைக்கு வந்துவிடுகின்றன. வெள்ளத்தில் மூழ்கிய காரில் இன்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம். வயரிங்கும் எலெக்ட்ரானிக்ஸும் எந்த நாளில், எந்தச் சாலையில் கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏர்பேக்கை இயக்கும் கருவியும் அந்த வயரிங்கில்தான் இருக்கிறது.

மெக்கானிக் பார்த்த மற்ற விஷயங்களும் எல்லோருக்கும் உதவும். பானெட், கதவு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், கார் எங்கோ அடிபட்டு அவை கழற்றி மாட்டப்பட்டிருக்கலாம். மீட்டரில் 45,000 கிலோமீட்டர் என்று காட்டும் காரில் பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டர் பொய் சொல்கிறது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் ஆபத்துதான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லி பழைய சர்வீஸ் விவரத்தை உரிமையாளர் மூலம் கேட்டு வாங்கினால், எத்தனை கிலோமீட்டரில் என்ன வேலை பார்த்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

அந்த 500 ரூபாய், 4 லட்ச ரூபாயைக் காப்பாற்றியது.

`டியூவைக் கட்டிக்கிட்டே வண்டியை ஓட்டுங்க!'

அடுத்து வந்தது இன்னொரு யோசனை. ஒரு புரோக்கர், ``ஒருத்தர் லோன்ல எடுத்த வண்டி. அவரால கட்ட முடியல. 80,000 கொடுத்துட்டு மீதி டியூவை நீங்க கட்டிக்கோங்க. உங்க சிபில் எதுவும் தேவையில்ல. டியூ முடிஞ்சதும் பேரை மாத்திக்கலாம்'' என்றார்.

சிபில் குறைவாக உள்ளவர்கள் அதிகம் விழும் பள்ளம் இதுதான். கார் அவர் பெயரில், கடன் அவர் பெயரில், பணம் மட்டும் நம்முடையது. நாம் கொடுத்த தவணையை அவர் வங்கியில் கட்டாமல் விட்டால், கடன் கொடுத்த நிறுவனம் வண்டியை எடுத்துக்கொள்ளும். எல்லாத் தவணையும் முடிந்த பிறகு, `பெயர் மாற்ற கையெழுத்து போட இன்னும் 50,000 கொடு' என்று அவர் கேட்டாலும் வழியில்லை. கார் விபத்தில் சிக்கினால், சொந்தச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போது, `பாலிசியில் உங்கள் பெயர் இல்லையே' என்ற கேள்வி வரும்.

விற்பவருக்கும் இதில் நிம்மதி கிடையாது. பெயர் மாற்றாமல் விற்ற வாகனம் விபத்தை ஏற்படுத்தினால், ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

முதலில் ரிப்போர்ட், பிறகு கார்

இரண்டு முறை தப்பிய பிறகு, அந்தத் தம்பதி எடுத்த முடிவு எளிமையானது. `ஆறு மாசம் பொறுப்போம். ஆட்டோவிலேயே போவோம்.'

அந்த மாதங்களில் முதலில் செய்தது, கிரெடிட் ரிப்போர்ட்டை முழுதாகப் படித்தது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப் ஹைமார்க் என்று இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றிடமும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகப் பெறலாம். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒரே மாதத்தில் ஐந்தாறு இடங்களில் கடனுக்கு விண்ணப்பித்தால்தான் குறையும். `ஒரு இடத்துல இல்லன்னா இன்னொரு இடம்' என்று வரிசையாக மனு போடுவது, புண்ணில் உப்பைத் தடவுவது போன்றது.

ரிப்போர்ட்டில் அவருக்கு ஓர் ஆச்சர்யம். எப்போதோ கட்டி முடித்த டூவீலர் கடன் ஒன்று இன்னும் நிலுவை என்று இருந்தது. கடன் முடிந்ததற்கான சான்றை இணைத்துப் புகார் செய்தார், சரிசெய்தார்கள். இப்படிப்பட்ட புகார்களை 30 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால், ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் இழப்பீடு கேட்க முடியும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

அடுத்து, அந்த கிரெடிட் கார்டு. வங்கிக்கு நேரில் போய், அன்று தள்ளுபடி செய்த 25,000 ரூபாயை தீபாவளி போனஸில் கட்டி, `நிலுவை எதுவும் இல்லை' என்று கடிதம் வாங்கினார். `செட்டில்டு' என்று இருந்தது `குளோஸ்டு' என்று மாறியது. `3,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் சிபிலை ஏற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் அவர் போகவில்லை. தவறான பதிவை யாரும் இலவசமாகத் திருத்திக்கொள்ளலாம். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

மனைவியின் ஃப்ரிட்ஜ் கடன்

இதற்கிடையே, மனைவியின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்தார்கள். எப்போதோ தவணையில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கி, ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியிருந்தார். அவர் ஸ்கோர் 740-ஐத் தாண்டியிருந்தது. சம்பளமும் வங்கிக் கணக்கில்தான் வருகிறது.

கடன் அவர் பெயரில் என்று முடிவானது. கார் கடனில், கடன் வாங்குபவரின் பெயரில்தான் ஆர்.சி-யும் இருக்க வேண்டும் என்பதால், காரும் அவர் பெயரில். ஆனால், இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மனைவி பெயரிலோ, தம்பி பெயரிலோ கடன் வாங்குவது குறுக்குவழி அல்ல. தவணை தவறினால், அவர்களின் ஸ்கோரும் விழும். ஷ்யூரிட்டி கையெழுத்து போட்டவருக்கும் இதே கதிதான். தவணையைக் கட்ட முடியும் என்ற உறுதி இல்லாமல், வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே நல்ல பெயரைப் பணயம் வைக்கக் கூடாது.

நகைக்கடனும் ஒரு வழிதான். நகை ஈடாக இருப்பதால் ஸ்கோருக்கு அங்கே பெரிய முக்கியத்துவம் இல்லை. ஆனால், திருப்ப முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். அந்தத் தாமதமும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறும்.

எந்தக் கார்?

இந்த முறை செடான் ஆசை இல்லை. மாமியார் சிரமமில்லாமல் ஏறி உட்காரும் உயரம், குறைந்த பராமரிப்பு, எந்த ஊர் மெக்கானிக்கும் தொடத் தயங்காத இன்ஜின் ஆகிய மூன்று மட்டுமே நிபந்தனைகள்.

பழைய கார் சந்தையில் சில கார்கள் விலை மலிவாக ஈர்க்கும். ஷெவர்லே 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நல்ல கார்கள்தான். ஆனால், ஒரு பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் வசதி, வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போகும் குடும்பத்துக்கு இல்லை. டீசல் காரும் அப்படித்தான். மாதம் 300 கிலோமீட்டர் ஓடுவதற்கு டீசலின் மைலேஜ் லாபத்தைவிட, பராமரிப்புச் செலவு அதிகம்.

பாதுகாப்பும் முக்கியம். புதிய கார்களில் ஏ.பி.எஸ் 2019 ஏப்ரல் முதலும், டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலை முதலும் கட்டாயமாகின. அதற்கு முந்தைய காரில் இவை இருக்கிறதா என்று அந்தந்த வேரியன்ட்டில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேடலின் முடிவில், ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விற்ற 2015 மாடல் வேகன் ஆர் கிடைத்தது. ஏ.பி.எஸ்-ஸும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் உள்ள வேரியன்ட். சிங்கிள் ஓனர். சர்வீஸ் பில்கள் எல்லாம் ஒரு ஃபைலில். அதே மெக்கானிக், அதே 500 ரூபாய். இந்த முறை சீட் பெல்ட் சுத்தமாக இருந்தது. விலை 2,60,000. கையில் இருந்த 1 லட்சம், சீட்டு எடுத்த 85,000-ல் 60,000, மனைவி பெயரில் வங்கிக் கடன் 1 லட்சம். மிச்சமிருந்த 25,000 முதல் மாதச் செலவுகளுக்கு.

பணம் கைமாறும் முன்

பணம் கொடுக்கும் முன், எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் அடமானம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்தது. அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் பக்கத்திலும் பார்த்தார்கள்.

அங்கே ஒரு விஷயம் தட்டியது. ஆசிரியர் கடனை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால், ஆர்.சி-யில் அடமானப் பதிவு நீங்கவில்லை. வங்கியின் என்.ஓ.சி-யையும் படிவம் 35-ஐயும் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கொடுத்து அதை நீக்கிய பிறகுதான் மீதிப் பணம் கைமாறியது. பிறகு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30. இவற்றில் விவரங்களை நிரப்பாமல் வெற்றாகக் கையெழுத்து போட்டு யாரிடமும் கொடுக்கக் கூடாது. சில ஃபைனான்ஸ் கடைகளில் வெற்றுப் படிவமும் வெற்று செக்கும் கேட்பார்கள். அதுவே அங்கிருந்து எழுந்து வர வேண்டியதற்கான அடையாளம்.

கன்சல்டிங் கடையில் வாங்குவதாக இருந்தால், அவர்களிடம் ஆர்.டி.ஓ அளித்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். பழைய கார் டீலர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் இது விதி.

இன்ஷூரன்ஸை, கார் கைமாறிய 14 நாள்களுக்குள் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் `நோ க்ளெய்ம் போனஸ்' அவரோடு போய்விடும். அது காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. அந்த வித்தியாசத் தொகையைப் புதியவர் கட்ட வேண்டியிருக்கும்.

நோட்டில் கடைசிப் பக்கம்

வங்கிக் கடன் 1 லட்சத்துக்கு வட்டி 14 சதவிகிதம், ரெட்யூசிங் முறையில், இரண்டு வருடம். தவணை 4,801 ரூபாய். பெட்ரோல் 2,000. இன்ஷூரன்ஸ், சர்வீஸுக்கு மாதம் 1,800 ஒதுக்கீடு. மொத்தம் 8,601 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிட 201 ரூபாய்தான் அதிகம். இரண்டு வருடம் கழித்து தவணை நின்றுவிடும், கார் நிற்கும்.

கணவரின் ஸ்கோர் இப்போது 661. இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு மாதமும் அவர் அதைப் பயமில்லாமல் பார்க்கிறார்.

மனைவி பெயரில் ஆர்.சி வந்த அன்று, பிசியோதெரபிக்குக் கிளம்பினார்கள். முன் சீட்டில் உட்கார்ந்த மாமியார், சீட் பெல்ட்டை மாட்டிவிட்ட மருமகளிடம் கேட்டார். ``இது யார் வண்டிம்மா?''

``நம்ம வண்டி அத்தை!''